மேடையேறாத சூனியக்காரி

இரணியல் பக்கம் எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் விழாவுக்காக, சிறுவர் தேவதைக் கதைப் புத்தகம் ஒன்றை நானும் என் சிநேகிதன் செல்வினும் பாட்டு நாடகமாக்கினோம். கடலின் சத்தத்தைப் பூட்டிவைக்கும் ஒரு சூனியக்காரியின் கதை. பாட்டு நான், மெட்டு அவன். ஒத்திகை பார்த்தவர்கள் எல்லாம் மெட்டைத்தான் புகழ்ந்தார்கள். என் வரிகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

போதகரைத் தனியாகப் பார்த்து, "ஆலயத்துல சூனியக்காரி பாடலாமா ஐயா? நாளைக்கு யாராவது கேட்டா உங்களுக்குத்தான் சங்கடம்" என்று பணிவாகச் சொன்னேன். நாடகம் நின்றுபோனது.

அன்று சாயங்காலமே செல்வின் என் வீட்டுக்கு வந்தான். தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன். "விடு மக்கா. மெட்டு போனாப் போவுது. நீ உக்காந்து உக்காந்து எழுதின பாட்டுல்லா வீணாப் போச்சு" என்று என் தோளில் கைபோட்டான். தண்ணீர் எடுக்கும் சாக்கில் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சூனியக்காரியாக நடிக்க இருந்த அவன் மகள் துணி மடித்துக்கொண்டே பாடினாள். மெட்டு எங்கெங்கோ போனது. வரிகளில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

"உனக்க பாட்டாக்கும் மக்கா" என்றான் செல்வின், பெருமையாக.

நான் ஆசைப்பட்ட பாராட்டு அதுதான். அவன் முகத்தைப் பார்த்து அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.