பராமரிப்பாளர்கள் மூவர்

லூனாஸ் ஊர் டயாலிசிஸ் மையத்துக்காக ஒரு திறமூல மென்பொருளைச் சோதித்தோம். அது நம்பத் தக்கதா என்று அளக்கும் முதிர்ச்சிப் பட்டியலின் எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' விழுந்தது. பராமரிப்பாளர்களே மூன்று பேர். ஒப்புதல் கொடுத்துவிட்டோம்.

அந்த மென்பொருளை எழுதிய செல்வத்தை இன்று ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கையில் பார்த்தேன்.

"மத்த ரெண்டு பேரு யாரு தம்பி?"

"என் வைஃபும் மச்சானும். சங்கம் பதியறப்போ கமிட்டிக்குப் பேரு போடுவோம்ல, அப்படித்தான்லா அண்ணே."

"மச்சானுக்கு கோட் எழுதத் தெரியுமா?"

"லோரி ஓட்டுவாரு."

"பரவாயில்ல, நீ இருக்கியே."

"நான் நாளைக்கு சிங்கப்பூர் போறேன், புது வேலை. இனிமே இதத் தொட முடியாது."

திங்கள் முதல் எந்த நோயாளிக்கு எப்போது டயாலிசிஸ் என்பதை அந்த மென்பொருள்தான் தீர்மானிக்கும்.

நிறுத்தச் சொல்ல, ஒப்புதலில் கையெழுத்திட்ட எங்கள் ஐவர் குழுவின் மற்ற நால்வரையும் தேடுகிறேன். அவர்களை யாராவது எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?