மின்வெட்டு நேரத்துச் சாலை

தானே புயல் அந்த முந்திரிக்காட்டைச் சாய்த்துவிட்டுப் போவதற்கு முந்தைய கோடையில் நானும் என் கணவரும் தினமும் காலையில் சைக்கிள் ஓட்டினோம். ஆசைப்பட்டு அல்ல. அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். இவரை நடக்கவிட்டால் தெருமுனை டீக்கடையோடு நடை முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? சைக்கிள் வாங்க வைத்தேன். காவலுக்கு நானும் ஒன்றில் ஏறிக்கொண்டேன்.

எங்கள் வீடு கடலூரை ஒட்டிய மேட்டில், செம்மண் தொடங்கும் இடத்தில் இருந்தது. வீட்டைத் தாண்டினால் முந்திரிக்காடு. ஒற்றைத் தார்ச்சாலை அதற்குள் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், முழங்கால் வலிக்காது. பஸ் கிடையாது, லாரி கிடையாது. நான் சிதம்பரத்தில் பிறந்தவள். எங்கள் ஊர்ப்பக்கம் கண்ணுக்கெட்டிய வரை வயல்தான். இத்தனை தூரம் நிழலிலேயே ஒரு சாலை போகும் என்பதே எனக்குப் புதிது. ஆனால் முந்திரி தாழப் படரும் மரம். கிளைகள் தரையில் கிடக்கும், உள்ளே யார் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. அந்தச் சாலை எனக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

அதன் அமைதிக்கு ஒரு காரணம் உண்டு. அப்போதெல்லாம் தினமும் மூன்று மணி நேரம் மின்வெட்டு. எங்கள் பக்கத்துக்குக் காலை ஆறு மணிக்குக் கரண்டு போகும். ஃபேன் நின்றதும் புழுக்கமும் கொசுவும் எழுப்பிவிடும், எங்களுக்கு அலாரமே அதுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவோம். காட்டில் ஒரு மோட்டார் ஓடாது, எந்தக் கோயில் மைக்கும் பாடாது. இவர் சைக்கிள் செயின் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்கும், என் மூச்சு இவருக்குக் கேட்கும்.

இரண்டாவது வளைவைத் தாண்டினால் மல்லாட்டைக் கொல்லை ஒன்று. வேர்க்கடலையை எங்கள் ஜில்லாவில் மல்லாட்டை என்போம், மேட்டு நிலத்தைக் கொல்லை என்போம். காட்டுப்பன்றிக்கு அது என்றால் உயிர். அதனால் கொல்லையைச் சுற்றிக் குச்சி நட்டு, முழங்கால் உயரத்துக்கு வெறுங்கம்பி கட்டியிருந்தார்கள். ராத்திரியில் அதில் கரண்டு ஓடும். திருட்டுக் கரண்டு. கொல்லையின் மறுகோடியில் இருந்த மின்கம்பத்தில் கொக்கி போட்டு இழுத்தது. கொக்கி மாட்டுவதும் எடுப்பதும் குத்தகைக்காரருடைய ஆளின் வேலை. அவன் வெயில் ஏறித்தான் வருவான். அதற்குள் ஆடுமாடு வந்துவிடும் என்பதால் சாலையோரக் கம்பியைச் சுருட்டி வைப்பது, கொல்லையிலேயே கொட்டகை போட்டு மனைவியோடு தங்கியிருந்த காவல்காரர் பொறுப்பு. அவர் அதை வெறுங்கையால் செய்தார்.

முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. இறங்கி நின்றுவிட்டேன்.

"அண்ணே, அதுல கரண்டு இருக்காதா?"

அவருக்குக் காது மந்தம். பக்கத்தில் போய் இன்னொரு முறை கத்திக் கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் சைக்கிள்ல வந்துட்டீங்கல்ல. அப்ப கரண்டு போயிடுச்சின்னு அர்த்தம்மா," என்றார் சிரித்துக்கொண்டே. "முன்னல்லாம் மோட்டார் நின்னுச்சான்னு என் பொஞ்சாதிதான் காது குடுத்துக் கேப்பா. பாவம், ராவெல்லாம் தகரம் தட்டிப் பன்னி வெரட்டுறா. இப்ப நீங்க வர்றதால அவளத் தூங்க வுடுறேன்."

கொட்டகையில் பல்பு கிடையாது. அவரிடம் கடிகாரமும் கிடையாது. மின்வெட்டு எங்களை எழுப்பும், நாங்கள் போய் அவருக்குச் சொல்லாமல் சொல்வோம். இப்படி ஒரு ஏற்பாடு என்னைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் வீட்டு உயிரையோ கொண்டுவந்து என் சைக்கிள் கேரியரில் கட்டிவிட்டாரே என்று இருந்தது. எங்களை நம்பாதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு, மடியிலிருந்து முந்திரிப்பழம் எடுத்துக் கொடுப்பார். குத்தகைக்காரருடைய ஆளிடம் சொன்னேன். "ஒங்க சோலியப் பாத்துக்கிட்டுப் போங்கம்மா," என்றான்.

"ஒனக்குப் பொழுது விடிஞ்சா ஏதாவது ஒரு பயம் வேணும்," என்று இவர் கேலி செய்தார். பிறகு ஒருநாள் அந்தக் கம்பியோரம் ஒரு நாய் பல்லைக் காட்டிக்கொண்டு விறைத்துக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு இவர் கேலியை விட்டுவிட்டார். நானும் ஃபேன் நிற்காமல் வாசற்படி தாண்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். காவல்காரர் கம்பியைத் தொட்டு, ஒன்றும் ஆகாமல் நிமிர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அந்த ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. ஓட்டுப்போடும் நாளுக்கு முந்தைய ராத்திரி புழுக்கம் தாங்காமல் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தோம். விடிந்ததும் மாடிப்படி இறங்கி நேரே சைக்கிளை எடுத்தோம். வரிசை நீளுமுன் ஓட்டுப்போட வேண்டும், அதற்குமுன் ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம் என்றார் இவர். பிரசாரம் ஓய்ந்து ஊரே அடங்கியிருந்தது. காடும் அப்படியே இருந்தது. ஒரு குருவி கூடக் கத்தவில்லை என்று நினைத்தேன்.

முதல் வளைவு திரும்பும்போது எங்கோ உள்ளே ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

என்ன சத்தம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் பிரேக்கைப் பிடித்தேன். மாடியில் படுத்ததில் ஃபேன் நின்றதா என்று நான் பார்க்கவே இல்லை.

"ஏங்க, நில்லுங்க. கரண்டு இருக்கு."

இவர் காலை ஊன்றிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டார். "ஓட்டு நாளாச்சே. இன்னிக்கி நிறுத்த மாட்டாங்க," என்றார். சொல்லும்போதே இவர் முகம் மாறிவிட்டது. "சீக்கிரம் போயி அவர்ட்ட சொல்லிடலாம், வா."

"போனா நம்மளப் பாத்துட்டுக் கம்பில கை வச்சிடுவாரு."

"போவலன்னா?"

போகாவிட்டாலும் ஆடுமாடு வரும். எவ்வளவு நேரம் அவர் பொறுத்திருப்பார்? கூப்பிட்டுச் சொல்ல அவரிடம் போனும் இல்லை. நடுரோட்டில் நின்று நாங்கள் இருவரும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டோம். கடைசியில் சைக்கிள்களை அங்கேயே போட்டுவிட்டு நடந்து போவதென்று முடிவு செய்தோம். சைக்கிள்தானே அவருக்கு அடையாளம். சைக்கிள் இல்லாமல் போனால் யாரோ என்னவோ என்று நின்று பார்ப்பார், அதற்குள் பக்கத்தில் போய்விடலாம். என் யோசனைதான் அது. அப்போது எனக்கு அதைவிட நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது வளைவு வரை ஓட்டமும் நடையுமாகப் போனோம். திரும்பியதும் தெரிந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி கம்பியோரம் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் நெற்றியில் கை வைத்து உற்றுப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன். இவர் கத்திக்கொண்டே முன்னால் ஓடினார். காவல்காரரும் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

"இன்னிக்கி பஞ்சராம்மா?" என்று, காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில் கேட்டார். கேட்டுக்கொண்டே குனிந்தார்.

கம்பி அவரை விடவில்லை. இவர் நிற்காமல் கொல்லையின் விளிம்போடு மறுகோடிக்கு, கொக்கியைத் தட்டிவிட ஓடினார். நாங்கள் போட்ட கூச்சலில் விழித்துக்கொண்ட அவர் மனைவி கொட்டகையிலிருந்து தலைவிரி கோலமாக வந்தாள். வந்தவள் நேரே அவரைத் தூக்கத்தான் போனாள். நான் குறுக்கே பாய்ந்து அவளை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"வுடு, என்னை வுடுடி," என்று அவள் என் முகத்தில் அறைந்தாள், தோளில் கடித்தாள். அவள் என்னைவிடப் பலசாலி. இருவரும் செம்மண்ணில் விழுந்தோம். அப்போதும் நான் அவளை விடவில்லை.