சேமிப்பிடத்தின் முகவரி

'மின்வாகன மின்கல ஆராய்ச்சி மற்றும் மறுசுழற்சி ஊக்க மானியத் திட்டம்.' இதை மூச்சு வாங்காமல் சொல்லக்கூடிய ஆள் அந்த வீட்டில் நாத்தனார் ஒருத்திதான். பேட்டரிக்காரம்மா அதை 'அந்தச் சனியன்' என்று சுருக்கிவிட்டாள். இரண்டு வருடம் அந்தச் சனியனோடு மல்லுக்கட்டியவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

தெருவே அவளைப் பேட்டரிக்காரம்மா என்றுதான் கூப்பிடும். கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறை முதலில் கணவருடையது. இன்வெர்ட்டர் பழுது பார்ப்பவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த நாளிலிருந்து, அவர் மாடிப்படி இறங்க வேண்டுமென்றால் இரண்டு பேர் தோள் கொடுக்க வேண்டும், கால் மணி நேரம் பிடிக்கும். அதுவரை அவருக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தவள் சோல்டரிங் அயர்னைக் கையில் எடுத்தாள். எடுத்த மூன்றாம் மாதமே, அவரைவிட இவள் வேலை சுத்தம் என்று வாடிக்கையாளர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். மேலே கட்டிலில் படுத்திருந்தவர் காதிலும் அது விழுந்தது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தன்னைக் கேட்டு வந்தவர்களை அவரே அவளிடம் அனுப்ப ஆரம்பித்தார்.

மின்சார ஸ்கூட்டர்கள் தெருவுக்கு வந்து நாலு வருடம் கழித்து, அவற்றின் செத்த பேட்டரிகள் பட்டறைக்கு வந்தன. புதிசுதான் வாங்க வேண்டும் என்று கடைக்காரர்கள் கைவிரித்துவிட்டவை. ஒன்றைத் திறந்து பார்த்தாள். உள்ளே விரல் பருமனில் வரிசை வரிசையாகச் செல்கள். ஒவ்வொன்றாக அளந்தால், நிஜமாகச் செத்தது பத்தோ பதினைந்தோதான். அதிலும் நடுவில் இருப்பவைதான் முதலில் போகின்றன. ஓரத்தில் இருப்பவற்றுக்குக் காற்று கிடைக்கிறது, நடுவில் இருப்பவை வெந்து சாகின்றன. எந்த வண்டி, எந்த வரிசை, எத்தனையாவது செல் என்று நோட்டில் எழுத ஆரம்பித்தாள். நாலு நோட்டு நிரம்பிவிட்டது.

"அண்ணி, இதுக்குப் பேரு ஆராய்ச்சி. இதுக்குக் கவர்மெண்டுல மானியம் இருக்கு" என்று ஆரம்பித்து வைத்தவள் நாத்தனார். வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடம் டைப் அடித்தவள். கோப்பைக் கண்டால் அவளுக்குக் குஷி வந்துவிடும்.

பேட்டரிக்காரம்மாவுக்குப் பட்டமும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். ஊருக்கு வெளியே ஒரு தனிக் கொட்டகை, அதில் ஒரு சோதனை இயந்திரம், அவ்வளவுதான். செத்த பேட்டரி செத்த மாதிரி சும்மா கிடக்காது. சிலது உப்பும், சூடாகும், எரியும். எரிந்தால் தண்ணீர் ஊற்றினாலும் லேசில் அடங்காது. அவை அடுக்கியிருந்த இடம் கணவரின் கட்டிலுக்கு நேர் கீழே. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். இவள் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தாள். ஒவ்வொரு நாளும் படுக்கப் போகுமுன் கீழே இறங்கி ஒவ்வொரு பெட்டியின் மேலும் கை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல.

விண்ணப்பம் இணையத்தில். புகைப்படம் பெரிதாக இருக்கிறது என்றது. சிறிதாக்கினால் முகம் தெரியவில்லை என்றது. கைபேசிக்கு வரவேண்டிய சரிபார்ப்பு எண், நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொன்ன பிறகு சாவகாசமாக வந்து சேர்ந்தது. இப்படிப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் ஏற்றுக்கொண்டு, பதின்மூன்றாம் நாள் திருப்பி அனுப்பியது: 'குடியிருப்பில் இவற்றை வைப்பது ஆபத்து என்பதற்குத் தகுந்த அலுவலரின் கடிதம் இணைக்கப்படவில்லை.'

கடிதம்தானே என்று கிளம்பினார்கள். தீயணைப்பு நிலையத்தில், "எரிஞ்சா கூப்பிடுங்க, உடனே வருவோம். எரியும்னு எழுதித் தர மாட்டோம்மா" என்றார்கள். மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகத்தில், இது வண்டி உதிரிபாகம், போக்குவரத்தில் கேளுங்கள் என்றார்கள். போக்குவரத்தில், வண்டியிலிருந்து கழற்றிய பிறகு அது எப்படி வண்டி ஆகும் என்று இவளையே திருப்பிக் கேட்டார்கள். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் மானிய அலுவலகமே மனமிரங்கி, ஆபத்தை நேரில் ஆய்வு செய்து முடிவெடுப்பதாகச் சொன்னது. அதற்கு ஒரு நிபந்தனை: நாற்பது செத்த பேட்டரிகளை வந்த நிலையிலேயே, சார்ஜைக்கூட இறக்காமல், அடுக்கி வைக்க வேண்டும். ஓர் ஊழியர் வந்து காகித முத்திரை ஒட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் அதிகாரி வருவார், அதுவரை தொடக் கூடாது.

இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று. போன் செய்தால் 'கோப்பு நகர்கிறது' என்றார்கள். எங்கே நகர்ந்ததோ, இவள் வீட்டுப் பக்கம் நகரவில்லை.

ஐந்தாம் மாதம், வெயில் கொளுத்திய ஒரு மதியம், பட்டறையில் நகப்பூச்சு வாடை போல ஓர் இனிப்பு வாடை அடித்தது. அவளுக்கு அது என்னவென்று தெரியும், ஏதோ ஒரு செல் வெடித்துக் கசிகிறது. முத்திரையாவது மண்ணாங்கட்டியாவது! கிழித்தெறிந்துவிட்டு, உப்பியிருந்த பெட்டியைக் கோணியில் சுற்றி வாரிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி மணல் தொட்டியில் போட்டாள். போட்டுக் கையை எடுக்கவும் அது சீறிக்கொண்டு எரியவும் சரியாக இருந்தது.

"என்ன புகை?" என்று மேலேயிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

"குப்பைய எரிக்கிறேங்க" என்றாள். அவர் இறங்கிவரக் கால் மணி நேரம் ஆகும் என்ற கணக்கை அன்று முழுக்க மனசு போட்டுக்கொண்டே இருந்தது.

மூன்று நாளில் மீதி முப்பத்தொன்பதையும் பழைய ஹெட்லைட் பல்புகளில் மாட்டி, பல்பு மங்கி அணையும்வரை சார்ஜை இறக்கினாள். இறக்கியதைப் பிரித்தாள், அளந்தாள், ஐந்தாவது நோட்டில் எழுதினாள்.

ஏழாம் மாதம் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்ததற்கு நன்றிகூடச் சொன்னார்.

"முத்திரை உடைஞ்சிருக்கேம்மா?"

"ஒண்ணு பத்திக்கிச்சு சார்."

"சரி. பத்திக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்கு எழுதித் தெரிவிச்சிருக்கணுமில்ல?"

நாத்தனார் மட்டும் அன்று அண்ணியின் கையைப் பிடித்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பத்து நாளில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. ஒன்று, முத்திரை உடைக்கப்பட்டது. இரண்டு, மானியம் வழங்குமுன்பே ஆராய்ச்சி தொடங்கப்பட்டுவிட்டது. மூன்று, ஆய்வின்போது ஆபத்தான பொருள் எதுவும் காணப்படவில்லை. எனவே ஆபத்து நிரூபிக்கப்படவில்லை. வீடு எரியாமல் காப்பாற்றியதுதான் அவள் செய்த தப்பு என்று அரசாங்க முத்திரையோடு எழுதி வந்துவிட்டது.

அடுத்த வருட அறிவிப்பு வந்தபோது, வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் அதற்குள் பட்டறையில் இன்னொரு நாற்பது சேர்ந்துவிட்டது. கட்டில் அதே இடத்தில்தான் இருந்தது. நாத்தனார் கணினிமுன் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக வாசித்தாள்.

"சேமிப்பிடத்தின் முகவரி. கூரை, காற்றோட்டம், காவலாளி இருக்கணுமாம். நம்ம வீட்டு விலாசமே போட்டுடவா?"

"இரு" என்ற பேட்டரிக்காரம்மா போன வருட நிராகரிப்புக் கடிதம் வந்த உறையை எடுத்து, அதிலிருந்த முகவரியை வரிவரியாகச் சொன்னாள். நாத்தனாரின் விரல் பாதியில் நின்றது.

"அண்ணி, இது அவங்க ஆபீஸ் அட்ரஸ்."

"தெரியும். அடி."

"விளையாடாதீங்க அண்ணி."

"எவ விளையாடுறா? கூரை இருக்கு, காத்து வருது, வாசல்ல காவலாளி இருக்காரு. நம்ம வீட்டுல காவலாளி இருக்காரா? உங்கண்ணன்தான் இருக்காரு, அவரால எழுந்திரிக்கவே முடியாது."

இணையம் அந்த முகவரியை ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றுக்கொண்டது. முகம் தெரிந்த படத்தைத்தான் அதற்குப் பிடிக்காது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சரக்கு ஆட்டோ மானிய அலுவலக வாசலில் நின்றது. நாற்பது பேட்டரியிலும் சார்ஜை முன்னாலேயே சுத்தமாக இறக்கிவிட்டிருந்தாள். ஊராரைக் கொளுத்த அவள் வரவில்லை. விதிப்படி அது தப்புதான். போகட்டும். காவலாளி, ஏதோ அலுவலகச் சரக்கு என்று நினைத்து, அவரே இரண்டு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். வரவேற்பறைச் சுவரோரம் எல்லாம் அடுக்கி முடிந்ததும் நாத்தனார் மேசைமேல் விண்ணப்ப நகலை வைத்தாள்.

"என்னம்மா இது?" என்றாள் வரவேற்பறைப் பெண்.

"ஸ்கூட்டர் பேட்டரி. போன வருஷம் ஒண்ணு எரிஞ்சுது பாருங்க, அந்த ஜாதிதான். ஆய்வுக்கு வர்றவரைக்கும் இங்கதான் இருக்கும். தொடாதீங்க."

அந்தப் பெண் தொலைபேசியை எடுத்தாள். காவலாளி வெளிக்கதவுக்கே போய்விட்டார். போன வருடம் வந்து சேர ஏழு மாதம் எடுத்துக்கொண்ட அதிகாரி மூன்று மாடியை நாலே நிமிடத்தில் இறங்கி வந்தார்.

"அம்மா! என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? இதையெல்லாம் இங்க வைக்கக் கூடாதும்மா. ஆளுங்க இருக்கிற இடம். திடீர்னு பத்திக்கிட்டா மேல இருக்கிறவங்க எப்படி இறங்குவாங்க?"

பேட்டரிக்காரம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு வருடமாக நாலு அலுவலகத்தில் கேட்டும் கிடைக்காத வாக்கியம் அது. கண்ணில் நீர் முட்டியது, கோபத்தில்தான்.

"இத அப்படியே ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார். தகுந்த அலுவலர் கடிதம் கேட்டிருந்தீங்களே, அதோட இணைக்கணும்."

நாத்தனார் பையிலிருந்து வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து நீட்டினாள். ரப்பர் முத்திரைக்கு மை அட்டைகூடக் கொண்டுவந்திருந்தாள்.

"எழுதினா உடனே எடுத்துட்டுப் போயிடுவீங்களா?"

"வண்டிய நிறுத்தித்தான் வச்சிருக்கேன்."

அதிகாரி பேட்டரிகளைப் பார்த்தார், வெளிக்கதவில் நின்ற காவலாளியைப் பார்த்தார். மேசையில் சாய்ந்து எழுத ஆரம்பித்தவர் பாதியில் நிமிர்ந்தார்.

"குடியிருப்பில் வைப்பது ஆபத்துன்னு மட்டும் போட்டா போதுமா? இன்னும் ஏதாவது எழுதணுமா?"

"மேல ஒரு மனுஷன் படுத்திருக்காருன்னு எழுதுங்க சார். அவரு இறங்கிவரக் கால் மணி நேரம் ஆகும்."