வைஷு போட்ட 'ஆம்'

புனேயில் கேம்ப் என்கிற பேட்டைக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விசாலாக்ஷி இருபத்திரண்டு வருஷமாக ஒரே பாடத்தை நடத்தி வந்தாள்: நம்மவர்கள் இங்கிலீஷில் எழுதிய பின்நவீனத்துவ நாவல்கள். கதை முன்னும் பின்னும் ஓடும். எழுதியவனே நடுவில் வந்து மூக்கை நுழைப்பான். கதை சொல்கிறவன் வாய்கூசாமல் புளுகுவான். 'சொல்கிறவனை நம்பாதீர்கள்' என்று கத்திக் கத்தித் தொண்டைதான் போயிற்று. போதுமடா சாமி! ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பையில் வைத்துவிட்டாள். கணவர் பத்ரிநாத்துக்கு ஊருக்கு வெளியே தளேகாவில் ஒரு ஃபாக்டரியில் நல்ல வேலை. இனி அவர் சம்பளமே போதும். நாளைக்குக் கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

புளுகுகிறான் என்று எப்படித் தெரியும் என அன்று ஒரு மாணவி கேட்டாள். விசாலாக்ஷி அலுப்போடு சொன்னாள்: "எங்கள் தமிழில் அதற்கு ஒரு 'ஆம்' போதும். 'வந்தான்' என்றால் நான் பார்த்தது. 'வந்தானாம்' என்றால் யாரோ சொன்னது, நான் பொறுப்பில்லை. உங்கள் நாவலுக்கு இதற்கே முந்நூறு பக்கம் வேண்டியிருக்கிறது."

அந்த 'ஆம்'தான் புனேயிலேயே பிறந்து வளர்ந்த மகள் வைஷுவின் வாயில் நுழையாது. கேள்விப்பட்டதையெல்லாம் கண்ணால் பார்த்ததுபோல் சொல்லுவாள். "போனாளாம்னு சொல்லுடி" என்று திருத்தித் திருத்தி இவளுக்குச் சலித்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விசாலாக்ஷி மகளைக் கேட்டாள். "அப்பா இன்னும் வரலையா?"

"தளேகாவ்லதான் இருக்காராம். ஓவர்டைமாம்."

"அடி சமத்து! இன்னிக்குத்தான் ஒழுங்கா பேசியிருக்கே."

வைஷு சிரிக்கவில்லை. "பார்க்காததுக்கு 'ஆம்' போடணும்னு நீதானேம்மா சொன்னே? நான் பார்த்தது வேற. மூணு நாளா க்ளாஸ் போறச்சே பார்க்கறேன். கேம்ப்ல பஸ் ஸ்டாப் பெஞ்ச்ல உக்காந்திருக்கார். டப்பாவைத் திறந்து தனியா சாப்பிடறார்."

காலையில் அந்த டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தவள் விசாலாக்ஷி. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு.

ஏழு மணிக்குப் பத்ரிநாத் வந்தார். "அப்பப்பா, இன்னிக்குப் பிழிஞ்சு எடுத்துட்டா! ரெண்டாவது லைன்ல மிஷின் நின்னுடுத்து, சூப்பர்வைசர் குதிகுதின்னு குதிச்சான்..." மிஷினின் சத்தம் முதற்கொண்டு ஒன்று விடாமல் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள்.

பிறகு பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"நாளைக்கு அந்த பெஞ்ச்ல போய் உக்கார வேண்டாம். வீட்டுலயே சாப்பிடுங்கோ. காலேஜுக்கு நான் போயிக்கறேன்."