பெரியாள் உட்கார்ந்த இடம்

அம்மாவின் மடியிலிருந்த அன்னக்கூடையின் அடியிலிருந்து ஐஸ் கரைந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் தோளில் விழுந்து, சட்டைக்குள் இறங்கி, மீன் வாடையும் சில்லிப்புமாக முதுகு முழுக்கப் பரவும். பூரணாங்குப்பத்திலிருந்து தவளக்குப்பம் கூட்டுரோடு வரை ஷேர் ஆட்டோவில் அவள் காலடியில் உட்கார்ந்து போன அந்தக் கோடை விடுமுறையை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் முதுகுதான் சிலிர்க்கிறது.

கடலில் இடுப்பில் அடிபட்டு அப்பா படுத்துவிட்டதால், அம்மா அப்போதுதான் மீன் விற்கத் தொடங்கியிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். "இந்தக் கூடை ஓடலன்னா நான் திருபுவனை கம்பெனி வேலைக்குப் போயிடுவேன். நீ பள்ளிக்கூடத்த வுட்டுட்டு அப்பாவயும் தம்பியயும் பாத்துக்கினு வூட்ல இரு" என்று அம்மா சொல்லியிருந்தாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பயம் வந்திருக்காது. சோறு போட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

கூட்டுரோட்டில் தூங்குமூஞ்சி மரத்தடியில் மீன்காரப் பெண்கள் வரிசையாக உட்காருவார்கள். பஸ் ஸ்டாப்பை ஒட்டிய முதல் இடம் எல்லோருக்கும் முன்னால் தொழிலுக்கு வந்தவருக்கு, அடுத்தது அவருக்கு அடுத்து வந்தவருக்கு என்று போய், சாக்கடை ஓரத்துக் கடைசி இடம் புதிதாக வந்தவளுக்கு. முதல் இடம் செங்கேணி அம்மாளுடையது. அவர் வராத நாளிலும் அவருடைய சாக்கு அங்கே விரித்தே கிடக்கும், அதில் யாரும் உட்காரமாட்டார்கள்.

அவருக்குத்தான் எத்தனை பெயர்கள். வரிசையில் இருந்தவர்களுக்கு அவர் "பெரியாளு", ஆட்டோக்காரர்களுக்கு "சீனியர்", எதிர்க்கடை டீ மாஸ்டருக்கு "பழம் தின்னு கொட்ட போட்டது", கல்லூரிப் பையன்களுக்கு "தாய்க்கெழவி", அதுவும் அவர் காதில் விழாத தூரம் போன பிறகு. அவருக்கோ எந்தப் பட்டமும் பிடிக்காது. "இன்னா பெரியாளு? எனுக்கு முன்னாடி ஒக்காந்தவ போய்ச் சேந்துட்டா, நான் நவுந்து வந்தேன். அவ்ளோதான்" என்பார். ஆனால் முதல் இடத்தை யாராவது ஒரு சாண் நெருக்கினாலும் பார்வையாலேயே தள்ளி உட்கார வைத்துவிடுவார்.

முதல் இடத்தில் நிறையும் பைகள் கடைசி இடத்துக்கு வருவதேயில்லை. அம்மா கொண்டுபோன காரப்பொடி மீனும் சங்கராவும் வெயிலில் கண் வெளுத்து, பிற்பகலில் கருவாட்டுக்காரரிடம் போய்ச் சேரும். பள்ளி திறக்கும் நாள் நெருங்க நெருங்க, ஒவ்வொரு கூடையையும் நான் அம்மாவைவிடக் கவலையாகப் பார்த்தேன்.

ஒருநாள் விடியற்காலையில் நல்ல கோடைமழை. நாங்கள் போய் இறங்கியபோது சாக்கடை பொங்கி எங்கள் இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மற்றவர்கள் அவரவர் இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். செங்கேணி அம்மாள் இன்னும் வரவில்லை. அம்மா கொஞ்சநேரம் கூடையோடு நின்று பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று போய் அந்தச் சாக்கின் மேல் கூடையை இறக்கி உட்கார்ந்துவிட்டாள்.

வரிசை முழுக்க அம்மா பக்கம் திரும்பியது. இரண்டாவது இடத்துக்காரியான வள்ளியக்கா, "ஏந்திருடி, பெரியாளு வந்தா வரிசையிலியே வெக்கமாட்டாங்க" என்றாள். அம்மா எழுந்திருக்கவில்லை. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் ஆட்டோ வந்து நின்றது.

செங்கேணி அம்மாள் அம்மாவைப் பார்த்தார், வரிசையின் கடைசியில் நின்ற தண்ணீரைப் பார்த்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போய், செங்கல் இரண்டைப் புரட்டிப்போட்டு அதன்மேல் அருவாமணையை வைத்து உட்கார்ந்தார். வழக்கமாக வாங்குகிறவர்கள் முதல் இடத்தில் வந்து அவரைத் தேடித் தடுமாறியபோது, அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அதுவும் என் மீனுதான். அங்கியே வாங்கினு போ."

அன்று மதியத்துக்கு முன்பே எங்கள் கூடை காலி. சாக்கை உதறி அவரிடம் கொடுக்கப்போன அம்மாவிடம், "நீ அங்கியே இரு" என்றார். வள்ளியக்கா முறை தப்பலாமா என்று சண்டைக்கு வந்தாள். "நான் எங்க ஒக்காந்தாலும் என்னத் தேடினு வருவாங்க. நேத்து வந்தவள யாரு தேடுவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மீனை ஆயத் தொடங்கினார். 

அந்த ஜூனில் நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன்.

இன்று பாகூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். செங்கேணி அம்மாளுக்கு நான் நேரில் நன்றி சொன்னதே இல்லை, சொல்லியிருந்தால் திட்டியிருப்பார். ஆனாலும் சொல்லியிருக்கலாம். அவர் இப்போது இல்லை. சாலை அகலமாகி மரமும் போய்விட்டது. மீன்காரர்களுக்குத் தகரக் கூரை போட்ட இடம் கிடைத்திருக்கிறது. யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். அம்மாவுக்குச் சீட்டில் விழுந்தது வாசலோரத்து இடம் என்பதால் அங்கே தேடினேன். முன்பின் பார்த்திராத இளம்பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அம்மாவைக் கேட்டேன். "பெரியாளா? எடத்த எனுக்குக் குடுத்துட்டு அவங்க கடைசிக்குப் போய்ட்டாங்க" என்றாள்.

நான் அவளிடமே சங்கரா வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா என் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"வாசல்ல வாங்கினியா?"

"ஆமாம்மா."

கொஞ்சம் நகர்ந்து, சாக்கில் எனக்கும் இடம் விட்டாள்.