எழுதாமல் விட்ட சத்தம்

பூனாகலையில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். காலையில் ஒரு சிறுத்தை தேயிலைக்குள்ளிருந்து பாய்ந்து நாயைக் கவ்விப்போனதை ரோட்டிலிருந்து பார்த்தேன். அதைத்தான் நோட்டில் எழுதியிருக்கிறேன். நாயை வளர்த்த செல்லம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, வாசிக்கச் சொல்கிறார்.

"பனிக்குள்ளிருந்து பொன்னிறப் பசி பாய்ந்தது. ஓசையே இல்லாத அழகு."

முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். "அதுக்குப் பசிதான் தம்பி, சரி. எங்க மணி கத்துனது உங்களுக்குக் கேக்கலீங்களா?"

கேட்டது. வாக்கியம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே தேயிலைக்குள் முதலில் நாயைத்தான் இறக்குகிறார்கள். சிறுத்தை படுத்திருந்தால் நாய் குரைத்துக் காட்டும். அது குரைக்காவிட்டால்தான் கொழுந்து பறிக்கும் பெண்கள் இறங்குவார்கள்.

"கத்தினதையும் எழுதிடுறேன்" என்கிறேன்.

"எழுதுங்க."

மழை விடுகிறது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொள்கிறார்.

"வேற நாய் இருக்கா?"

"இல்லீங்க. ஒண்ணு கெடைக்கிற வரைக்கும் நான்தான் மொதல்ல எறங்கணும்."

கைகளைத் தட்டிக்கொண்டே செடிகளுக்குள் இறங்குகிறார். மற்ற பெண்கள் மேலேயே நின்று காத்திருக்கிறார்கள். பனியில் அவர் மறைந்துவிட்டார். கைதட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. அது நின்றுவிடக் கூடாதென்று நானும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.