மூன்றாம் மாடி நாயின் இடுப்பு அளவு

வாழைப்பழத் துண்டுக்குள் மாத்திரையைச் செருகி முடித்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. என்னுடைய முழங்கால் நோவுக்கு டொக்டர் எழுதித் தந்த மாத்திரை அது. எனக்கு ஒன்று என்றால் நாய்க்குப் பாதி போதும் என்று நானே முடிவு செய்திருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் பாதி என்றால் எவ்வளவு என்று தெரியும். அந்தப் பாதி அவளை என்ன செய்யும் என்பதுதான் தெரியவில்லை.

அவள் தரையில் கிடந்தபடி என் கையிலிருந்த பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயதுப் பெட்டை, மண்ணிற ஊர் நாய். அன்று காலையிலிருந்து நாலு தரம் எழும்பப் பார்த்து, நாலு தரமும் பின்னங்கால்கள் வழுக்கி விழுந்திருந்தாள். முன்பக்கம் எழும்பிவிடும். பின்பக்கம் வராது. விழுந்ததும் யாராவது பார்த்தார்களா என்பதுபோலத் திரும்பிப் பார்ப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். காஸை மூடிவிட்டேனா என்று மூன்று தரம் போய்ப் பார்ப்பேன். சேலைச் சட்டைக்குத் துணி வெட்டுவதற்கு முதல் நாலு தரம் அளப்பேன். வெள்ளவத்தையில் என்னிடம் தைக்கக் கொடுக்கும் பெண்கள், "அக்கா பயந்து பயந்து தைச்சு முடிக்கிறதுக்குள்ள கலியாணமே முடிஞ்சிடும்" என்று பகிடி பண்ணுவார்கள். அந்தப் பயம்தான் அன்று பழத்தை என் கையிலேயே நிறுத்தி வைத்தது. வாடிக்கைக்காரி ஒருத்தி முன்பு சொல்லியிருந்த கொட்டாஞ்சேனை மிருக வைத்தியருக்குப் போன் பண்ணினேன்.

"குடுத்திட்டீங்களா?" என்று கேட்டது மறுமுனை.

"இல்லை டொக்டர். கையிலதான் இருக்கு."

"அப்ப முதல்ல குப்பைல போடுங்க. மனிசருக்குக் குடுக்கிற நோ மருந்து நாய்ட வயிறையும் ஈரலையும் பழுதாக்கும். பிறகு நாயைக் கொண்டு வாங்க."

என் கணவர் திரிவீல் ஓட்டுகிறவர். நாயை மூன்று மாடி இறக்கிப் பின் சீற்றில் கிடத்தி, தன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தார். எங்கள் தொடர்மாடியில் லிஃப்ட் இல்லை. இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் அவர்தான் அவளைத் தூக்கி இறக்கி, தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். தமிழும் சிங்களமும் கலந்து கதைத்தார். நாயின் பின்னங்கால்களை மெல்ல நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, மூட்டுவாதம், இது மாறாது, ஆனால் சமாளிக்கலாம் என்றார். மாதாமாதம் போடும் வெளிநாட்டு ஊசி ஒன்று இருக்கிறதாம். விலையைச் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. நல்ல மனுசி.

"எல்லாத்தையும் விட நல்ல மருந்துக்குச் சல்லி தேவையில்ல," என்றார். "இவ இருபத்தெட்டுக் கிலோ. இருபத்திரண்டு, இருபத்திமூண்டுதான் இருக்கோணும். அந்த மிச்சக் கிலோவையும் அந்த இடுப்புத்தான் சுமக்குது."

என் கணவர் வாசலில் நின்றபடி கேட்டார். "அது சரிவராட்டி டொக்டர்? எனக்கும் முதுகு ஏலாது. இது நோவோட கிடந்து இழுபடுறதைப் பார்க்கவும் ஏலாது. நித்திரையாக்கிற கடைசி ஊசிதானோ?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. நானும் அதையே நினைத்து வாய்க்குள் வைத்திருந்தேன். டொக்டர் நாயின் தலையைத் தடவினார்.

"மூணு மாசம் பாருங்க. அப்பவும் தானா எழும்பி நடக்கேலாட்டி, இருந்து கதைப்போம்."

நோ மிகக் கூடின நாட்களுக்கு மட்டும் என்று நாய்களுக்கென்றே உள்ள மாத்திரை கொஞ்சம் தந்தார். மற்றதெல்லாம் வீட்டு வேலை. வழுக்காத தரை, மெத்தென்ற படுக்கை, சூடு, கொஞ்சம் கொஞ்சமாக நடை, குறைந்த சாப்பாடு.

வீட்டு வேலை என்றால் எனக்குப் பயமில்லை. தையல் மெஷினுக்குக் கீழே பத்து வருட வெட்டுத்துணி மூட்டையாகக் கிடந்தது. அதைத் திணித்து ஒரு தடித்த மெத்தை தைத்தேன். கல்யாணச் சட்டைகளின் மிச்சப் பட்டெல்லாம் அதற்குள் போயிற்று. கட்டிலிலிருந்து சமையலறை வரைக்கும் அவள் நடக்கும் வழியெங்கும் றப்பர் கால்மிதிகளை வரிசையாகப் போட்டேன். பருத்தித் துணியில் சின்னப் பை தைத்து அரிசி நிரப்பி, தாச்சியில் சூடாக்கி, என் மணிக்கட்டில் மூன்று தரம் வைத்துப் பார்த்த பிறகு அவள் இடுப்பில் வைப்பேன். முதல் நாள் முகர்ந்து பார்த்தாள். மூன்றாம் நாள் அரிசிப் பையைக் கண்டதும் தானே சரிந்து படுத்து இடுப்பைக் காட்டினாள்.

பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்து ஒரு வயிற்றுப் பட்டியும் தைத்தேன். அதை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் அவள் தன் காலில் நடக்கலாம், பாதிப் பாரம் எங்கள் கையில் வரும். வீட்டுக்குள் அதைப் பிடித்து நாலைந்து தரம் நடத்துவேன். படிக்கட்டில் மட்டும் இன்னும் என் கணவர்தான் தூக்கினார்.

சாப்பாட்டைச் சரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன். சோறு குறைத்து, அவித்த பூசணியும் போஞ்சியும் கூட்டினேன். வீட்டில் இருபத்தெட்டுக் கிலோ நாயை நிறுக்கத் தராசு கிடையாது. ஆனால் என் கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். வெள்ளிக்கிழமை தோறும் அவளின் இடுப்பை அளந்து, வாடிக்கைக்காரர்களின் அளவுக் கொப்பியில் அவளுக்கென்று ஒரு பக்கம் எழுதினேன்.

முதல் வெள்ளி முப்பத்திரண்டு அங்குலம். இரண்டாம் வெள்ளியும் முப்பத்திரண்டு. மூன்றாம் வெள்ளி முப்பத்திரண்டே கால்.

சட்டைக்கு அளக்கும்போது நாடாவுக்குள் இரண்டு விரல் விடுவது எங்கள் தொழில் வழக்கம். பழக்கதோஷத்தில் விரலை விட்டுவிட்டேனோ என்று மறுபடி இறுக்கி அளந்தேன். அதே அளவுதான். நாடா இழுபட்டுவிட்டதோ என்று புது நாடா வாங்கினேன். அதே அளவுதான். பிறகு பயம் தன் வேலையைத் தொடங்கியது. வயிற்றில் தண்ணீர் கட்டுகிறதோ? கட்டியோ? மூன்று மாதத்தில் மூன்று கிழமை போய்விட்டது. என் கணவர் கொப்பியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நாலாம் வெள்ளி பின்னேரம். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான். மீன் சட்டி அலுமாரியை விட்டு வெளியே வராது. அவர் நாயைக் கீழே கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்டார். நான் மெத்தையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, "என்ர பிள்ளை, உனக்கு என்னடி வருத்தம்?" என்று முகத்தை முகத்தோடு வைத்தேன்.

மீன் கட்லட் மணத்தது.

மறுபடி முகர்ந்தேன். மிளகும் வெங்காயமும் போட்டுப் பொரித்த, சூடான, சந்தேகமே இல்லாத மீன் கட்லட். எழும்பி என் கணவருக்குக் கிட்டப் போனேன்.

"என்ன?" என்றார்.

"இஞ்ச திரும்புங்கோ."

"ஏனப்பா?"

"வாயைத் திறவுங்கோ."

அவர் திறக்கவில்லை. அவசியமும் இருக்கவில்லை. மீசையில் கட்லட்டில் புரட்டும் ரஸ்க் தூள் ஒட்டியிருந்தது.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. இருபத்தெட்டுக் கிலோவை ஒரே மூச்சில் தூக்க அவரால் முடியாது. ஒவ்வொரு மாடியிலும் நாயை இறக்கி வைத்துவிட்டு முதுகை நிமிர்த்துவார். இறக்கி வைத்த இடமெல்லாம் ஒரு கதவு திறக்கும். இரண்டாம் மாடியில், வீட்டிலிருந்தபடியே ஓடருக்குச் சிற்றுண்டி செய்து கொடுக்கும் முஸ்லிம் அன்ரி. முதலாம் மாடியில், தனியாக இருக்கும், வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஐயா. நாய் எவ்வளவு கொழுத்ததோ, இவர் அவ்வளவு நேரம் இளைப்பாறினார். இவர் எவ்வளவு இளைப்பாறினாரோ, நாய் அவ்வளவு கொழுத்தது. வெள்ளிக்கிழமைகளில் அன்ரியின் கட்லட் இவருக்கும் ஒன்று கிடைத்ததால், வாயைத் திறந்தால் தானும் அகப்பட வேண்டிவரும் என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

"நாயின்ர உயிர்க் கதை போய்க்கொண்டிருக்கு. நீங்கள் கட்லட்டுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்களோ?"

"ஒரு கட்லட்தானேயப்பா..."

"ஒவ்வொரு மாடியிலயும் ஒண்டு! காலையும் பின்னேரமும்!"

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றும் வந்தது. கட்டி இல்லை. தண்ணீர் இல்லை. வெறும் கட்லட். கொப்பியையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு அப்படியே படியிறங்கினேன்.

அன்ரி கதவைத் திறந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"அல்லாஹ்! நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்? நான் நாயத் தொடுறல்ல. பேப்பர்ல வெச்சிட்டு உள்ள போயிருவன். வெள்ளிக்கிழமைல ஒங்கட வீட்டுல மீனே ஈக்கிறல்லதானே. நீங்க விரதம் புடிங்க, அந்த வாயில்லாத சீவன் என்ன பாவம் செஞ்சிச்சி?"

கீழே ஐயா காலையில் வாங்கும், மீன் அடைத்த மாலு பாணின் இரண்டு முனையும் அவளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. "இனி ஒண்டும் குடுக்கமாட்டன்" என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் அவருடைய கை கதவுப் பிடியிலேயே நின்றது. "அப்ப பிள்ளை, அவள் வந்து வாசலில நிண்டு என்னைப் பார்த்தால் நான் என்ன செய்யிறது?"

அந்தக் கேள்வியோடு மேலே ஏறும்போதுதான் எனக்கு அது பட்டது. கதவுகளை ஏன் மூட வேண்டும்? அவள் அந்தக் கதவுகளுக்காக என்னவும் செய்வாளே.

அவளைப் படியில் நடத்தலாமா என்று அடுத்த நாள் டொக்டரிடம் போனில் கேட்டேன். பட்டியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, ஒரு மாடி மட்டும் இறக்கிப் பாருங்கள், நொண்டல் கூடினால் நிறுத்துங்கள் என்றார். கரட்டை அவித்துச் சட்டைப் பொத்தான் அளவில் வெட்டி, இரண்டு வீட்டுக்கும் சின்ன டப்பாவில் கொடுத்தேன். படியின் ஒவ்வொரு விளிம்பிலும் பழைய றப்பர் கால்மிதியை வெட்டி ஒட்டினோம். ஒட்டியவர் என் கணவர். தண்டனை என்று நான் சொல்லவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் அன்ரி பேப்பரில் கரட் துண்டை வைத்தபோது அவள் அதை முகர்ந்துவிட்டு, அன்ரியைப் பார்த்து, மறுபடி கரட்டைப் பார்த்தாள். "எனக்கே வெக்கமா ஈக்கி" என்றார் அன்ரி. நாலாம் நாள் தின்றாள். இரண்டாம் கிழமையில், கரட் டப்பா திறக்கும் சத்தம் கீழிருந்து கேட்டால் மெத்தையிலிருந்து காதை உயர்த்தினாள். ஒரு மாடி இறங்கினாள். பிறகு இரண்டு. ஏற்றும்போது மட்டும் தூக்கினோம். ஐந்தாம் வெள்ளி முப்பத்தொன்றே முக்கால். ஏழாம் வெள்ளி முப்பத்தொன்று. ஐயா வெள்ளிக்கிழமைகளில் படியேறி வந்து, "இண்டைக்கு எவ்வளவு?" என்று வாசலில் நின்று கேட்கத் தொடங்கினார்.

இடையில் மழைக் கிழமை ஒன்றில் மூன்று நாள் அவள் எழும்பவே இல்லை. டொக்டரின் மாத்திரை, அரிசிப் பை, மெத்தை, நான். அந்த மூன்று நாளும் அடுப்பில் என்ன சமைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. நாலாம் நாள் காலை, தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் றப்பரில் நகம் உரசும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் விழுந்துவிடுவாளோ என்று பயம். காலில் ஈர மூக்கு பட்ட பிறகுதான் திரும்பினேன்.

மூன்று மாதம் முடிந்த நாள், டொக்டரிடம் போகவேண்டிய காலை, என் கணவர் வழக்கம்போல அவளுக்குப் பட்டி போடக் குனிந்தார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு படிக்குப் போனாள்.

"ஏய், நில்லடி! பட்டி போடேல்ல!"

அவள் நிற்கவில்லை. ஒவ்வொரு படியாக, பின்பக்கத்தைக் கொஞ்சம் சரித்துச் சரித்து, இறங்கினாள். நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் போனோம். அன்ரி டப்பாவோடு வாசலில் நின்றார். "மாஷா அல்லாஹ், பட்டி எங்க?" என்றார். என் கணவர் கையில் தொங்கிய வெறும் பட்டியை உயர்த்திக் காட்டினார். கீழே ஐயா கைதட்டினார், கையில் மாலு பாண் இருந்ததையும் மறந்து. தூள் நிலத்தில் விழுந்தது. அவள் அதையும் விடவில்லை. அன்று நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனையில் டொக்டர் அவளைத் தராசில் ஏற்றினார். இருபத்தைந்து கிலோ. கால்களை நீட்டி மடக்கினார், நடக்கவிட்டுப் பார்த்தார்.

"இன்னும் குறையோணும். மழை வந்தா நோவும். ஆனா கடைசி ஊசிக் கதை இப்ப தேவையில்ல," என்றார். பிறகு என் கொப்பியை வாங்கிப் புரட்டினார். முன்பக்கங்களில் மார்பு, தோள், கை அளவுகள். நடுவில் இவளின் பக்கம். "இத நான் போட்டோ எடுக்கலாமா? மத்தவங்களுக்கும் காட்டோணும்."

எட்டாம் வகுப்போடு நின்றவளின் கொப்பியை ஒரு டொக்டர் போட்டோ எடுத்தார். திரும்பி வரும்போது அதைத் திரிவீலில் மடியிலேயே வைத்திருந்தேன்.

வெள்ளவத்தையில் என் கணவர் வீட்டுப் பக்கம் திருப்பாமல் கடற்கரைப் பக்கம் விட்டார். ரயில் பாதையைத் தாண்டும்போது மட்டும் அவளைத் தூக்கினார். "இப்ப பஞ்சு மாதிரி" என்று பொய் சொன்னார். ஈர மணலில் இறக்கியதும் அவள் கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். பிறகு அலை வந்து காலை நனைக்க, திடுக்கிட்டு நாலு அடி ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். நான் பயந்து கத்தினேன். அவர் சிரித்தார். அவள் திரும்பிப் பார்த்தாள், யாராவது பார்த்தார்களா என்று.

பார்த்தோம்.

அடுத்த வெள்ளி பின்னேரம் அவர் இரண்டாம் மாடியில் நின்று, நாயைத் தூக்காமலே முதுகை நிமிர்த்திக்கொண்டு, அன்ரியின் கதவை நம்பிக்கையோடு பார்த்தாராம். அன்ரி வெளியே வந்து பேப்பரை விரித்து, நாய்க்கு ஒரு துண்டு கரட்டும் அவருக்கு ஒரு துண்டு கரட்டும் வைத்துவிட்டு உள்ளே போனாராம்.